‘அவங்க எப்பவும் அப்படித்தான்!’

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டிருந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை கரை மீறிப் பாய்ந்ததில் பல ஊர்கள் தண்ணீரில் நின்றன. நிவாரணம் வந்து சேரவில்லை என்று இருவேல்பட்டு மக்கள் சாலைக்கு வந்தார்கள். பார்க்க வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. தொலைக்காட்சியிலும் செல்போனிலும் திரும்பத் திரும்ப அந்தக் காட்சிதான் ஓடியது. யார் வீசினார்கள், எந்தக் கட்சி, பின்னணி என்ன என்று விவாதம் நடந்தது. பிறகு அடுத்த செய்தி வந்தது, இருவேல்பட்டு மறந்துபோனது.

ஆனால், உலகின் பல பல்கலைக்கழகங்களில் இருவேல்பட்டு என்ற பெயர் நூறாண்டுகளாகப் பரிச்சயமானது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத் துறையின் முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். புத்தகத்தை மட்டும் வைத்து இந்தியாவைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்று அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். எத்தனை வீடு, யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்து வரச் சொன்னார். 1916ல் அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று, அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. 1918ல் அது புத்தகமாக வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1930களில் வேறு ஆய்வாளர்கள் அதே ஊருக்குப் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ்.குகனும், அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ் மூவரும் போனார்கள். இவர்களில் ஜெயரஞ்சன்தான் பின்னாளில் தமிழ்நாடு மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானவர். ஒரே ஊரை, ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாகப் போய்ப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலேயே இப்படி வாய்த்த ஊர்கள் சொற்பம்.

அந்தக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

1916ல் ‘படியாள்’ முறை இருந்தது. கல்யாணச் செலவு போன்றவற்றுக்காகப் பண்ணையாரிடம் வாங்கிய கடன் அடைபடவே அடைபடாது. அப்பன் கடன் மகனுக்கு வரும், மகன் கடன் பேரனுக்கு வரும். நிலம் கைமாறினால் படியாளும் சேர்ந்து கைமாறுவார். இதைப் பார்த்த அன்றைய படித்த மனிதரிடம், “இது மாறுமா?” என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “அவங்க எப்பவும் அப்படித்தான். காலங்காலமா அப்படியே பழகிட்டாங்க” என்றுதான் சொல்லியிருப்பார்.

2008ல் போனவர்கள் கண்ட இருவேல்பட்டில் படியாள் இல்லை. ஊரையே கைக்குள் வைத்திருந்த பெரிய நிலக்காரக் குடும்பத்தின் பிடி வெகுவாகத் தளர்ந்திருந்தது. பிள்ளைகள் படிக்கப் போயிருந்தார்கள். ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார்கள். ரேஷன் அரிசி, அரசுத் திட்டங்கள் எல்லாம் சேர்ந்து, “இந்தக் கூலிக்கு வர மாட்டேன்” என்று சொல்லும் தெம்பைக் கொடுத்திருந்தன. எல்லாம் நன்றாகிவிட்டது என்று அர்த்தமில்லை. தலித் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் நிலமில்லை. ஆனாலும், கேட்கக்கூட முடியாமல் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட மனிதர்கள் இருந்த அதே ஊரில், “எங்களை வந்து பாருங்கள்” என்று அரசாங்கத்திடம் சத்தம் போட்டுக் கேட்கும் மக்கள் இன்று இருக்கிறார்கள். சேற்றை வீசியது சரியா தவறா என்பது தனிக் கேள்வி. ஆனால், அந்தக் கோபத்துக்குப் பின்னால் நூறு வருட மாற்றம் இருக்கிறது.

ஓர் ஊரை, ஒரு கூட்டத்தை, ஒரு வழக்கத்தை இப்படி அருகில் போய் உட்கார்ந்து, அவசரப்படாமல் பார்க்கும் படிப்புக்குத்தான் மானிடவியல் என்று பெயர். செய்தியைப் பார்த்துப் பார்த்து மனம் சோர்ந்து, ‘இந்த நாடு எங்கே உருப்படப் போகிறது’ என்று பெருமூச்சு விடும் காலத்தில், கொஞ்சம் நம்பிக்கை தரக்கூடிய படிப்பும் இதுதான்.

மூக்கை அளந்த காலம்

ஆரம்பத்தில் இந்தப் படிப்பு அவ்வளவு யோக்கியமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885ல் பொறுப்பாளராக வந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி கே.ரங்காச்சாரியின் துணையோடு 7 தொகுதிகள் எழுதினார், 1909ல் வெளிவந்தன. இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல். ஆனால், அவர் கையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருந்தது. ஆட்களைப் பிடித்து நிறுத்தி மண்டையின் நீள அகலத்தையும் மூக்கின் அகலத்தையும் அளந்தார். மூக்கின் அளவைச் சாதியின் உயர்வு தாழ்வோடு முடிச்சுப் போடும் பித்து அன்றைய ஆய்வாளர்கள் பலருக்கு இருந்தது. உடம்பை அளந்து குற்றவாளியை அடையாளம் காணும் முறையைப் போலீஸாருக்கும் கற்றுக்கொடுத்தார் தர்ஸ்டன். பிறப்பாலேயே சிலரைக் குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்ததும் அதே காலத்தில்தான், 1911ல்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் நியூயார்க்கில் குடியேறிய ஐரோப்பியக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 18,000 பேரை அளந்தார். அவர் கண்டது, மண்டை வடிவத்தை வைத்து மனிதரைத் தரம் பிரித்தவர்களைத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் மண்டை அளவு, வெளிநாட்டில் பிறந்த பெற்றோரின் அளவிலிருந்து மாறியிருந்தது. மாறவே மாறாது என்று சொல்லப்பட்ட எலும்பே ஒரு தலைமுறையில் மாறுமென்றால், ஓர் இனத்தின் குணம், புத்தி, ஒழுக்கம் எல்லாம் ரத்தத்தில் எழுதப்பட்டவை என்று எப்படிச் சொல்ல முடியும்?

மானிடவியல் திசை திரும்பிய இடங்களில் அது ஒன்று. மனிதர்களை அளப்பதை விட்டுவிட்டு, அவர்கள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

திண்டிவனத்தில் ஒரு சான்றிதழ்

இந்தத் திருப்பத்தின் அருமை புரிய வேண்டுமென்றால் திண்டிவனம் பக்கத்து இருளர் குடியிருப்புகளுக்குப் போக வேண்டும்.

இருளர் தமிழ்நாட்டின் பழங்குடிகளில் ஒரு பிரிவினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 1.9 லட்சம் பேர். மலையில் மட்டும் இருப்பவர்கள் அல்ல. செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் சமவெளிகளில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழ்கிறவர்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடம் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தும், அது இந்தக் குடிசைகளை வந்தடையப் பல காலம் ஆனது. அக்கம்பக்கத்தில் ஒரு திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் தேடிவந்ததும் இவர்களைத்தான். ‘அவங்க அப்படித்தான்’ என்ற அதே வாக்கியம்!

1990களில் திண்டிவனத்தில் இவர்களுக்காக ஒரு சங்கம் உருவானது: பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம். அதை முன்னின்று நடத்தியவர் பேராசிரியர் பிரபா கல்விமணி. அவர் பாடம் நடத்தியது மானிடவியல் அல்ல, இயற்பியல். ஆனால் குடிசை குடிசையாகப் போனார், கேட்டார், எழுதி வைத்தார், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உடன் நடந்தார். 2021ல் ‘ஜெய் பீம்’ படம் வந்தபோது இருளர் படும் பாட்டை ஊரே பேசியது. அந்தப் படத்தைத் தயாரித்த சூர்யா - ஜோதிகா தரப்பிலிருந்து இருளர் கல்விக்கென்று 1 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. படம் வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே திண்டிவனத்தில் அந்த வேலை ஓசையில்லாமல் தொடங்கிவிட்டது.

இருளர் வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரு காகிதத்தில் தொங்குகிறது. அதுதான் பழங்குடி சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 1989 நவம்பர் வரை தாசில்தார் கொடுத்துவந்தார். அதன் பிறகு கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, இட ஒதுக்கீடு இல்லை. “அப்பாவின் சான்றிதழைக் கொண்டு வா” என்றால், பள்ளிக்கூடமே போகாத அப்பாவிடம் என்ன இருக்கும்? “பழைய பத்திரம் இருக்கிறதா?” என்றால், ஒரு சென்ட் நிலம் இல்லாதவரிடம் பத்திரம் ஏது?

இங்கேதான் மானிடவியல் நேரடியாக உள்ளே வருகிறது. போலிச் சான்றிதழ்களைத் தடுக்க 1994ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழிமுறையைச் சொன்னது. ஒருவர் உண்மையிலேயே அந்தப் பழங்குடியா என்பதை, அவர்களுடைய தெய்வம், சடங்கு, கல்யாண முறை, சாவுச் சடங்கு ஆகியவற்றை விசாரித்துப் பார்க்கலாம் என்றது. நோக்கம் நல்லதுதான். ஆனால், நகரத்தில் வளர்ந்து, விடுதியில் தங்கிப் படித்த பெண்ணிடம் போய், “உங்கள் குலச் சடங்கைச் சொல்” என்று கேட்டால் அவள் விழிப்பாள். அவள் படித்ததாலேயே அவள் பழங்குடி இல்லை என்று ஆகிவிடுமா? பழங்குடி என்றால் நூறு வருடத்துக்கு முன்பு தர்ஸ்டன் எழுதி வைத்தபடியேதான் இருக்க வேண்டுமா?

2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவுபடுத்தியது. பழக்கவழக்கச் சோதனை ஒன்றை மட்டுமே வைத்து ஒருவரின் சாதியை முடிவுகட்டக் கூடாது என்றது. இடம்பெயர்வு, கல்வி, நவீன வாழ்க்கை ஆகியவற்றால் பழக்கவழக்கங்கள் மாறியிருக்கலாம் என்பதையும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மானிடவியல் இவ்வளவு காலம் சொல்லிவந்ததும் இதுதான்: பண்பாடு என்பது கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொருள் அல்ல. மாறினாலும் அது அவர்களுடையதுதான்.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் வந்து மணலில் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் முடிக்கிறார்கள். அதே கைகளில் செல்போன் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இன்னொரு சாட்சி. பாம்புத்தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டதும் பிழைப்பு போய்விட்டது. ‘இனி இவர்கள் கதை முடிந்தது’ என்று விட்டிருக்கலாம். ஆனால், பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடும் வேலையாக அதே அறிவு மாறியது. பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் போடும் விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். 2023ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு காலத்தில் எவரும் மதிக்காத திறமை இன்று உயிர் காக்கும் திறமை.

திரௌபதிக்கு ஒரு ராவுத்தர் காவல்

விழுப்புரம் மாவட்டத்தின் சமீபத்திய ஆறாத காயம் மேல்பாதி. 2023 ஏப்ரலில் அங்குள்ள திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவின்போது உள்ளே சென்ற தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் தோற்றன. ஜூன் மாதம் கோவிலுக்கு சீல் வைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் நடை திறந்தது. 2025 ஏப்ரலில் நீதிமன்ற உத்தரவின்படி, போலீஸ் பாதுகாப்போடு தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட விழுப்புரத்தின் நினைவைச் சுமக்கும் மாவட்டம் இது. இங்கே கோவில் கதவு சிறிய விஷயமல்ல.

இப்படிப்பட்ட சண்டைகளில் எப்போதும் வரும் வாதம், “இது எங்க ஊர் வழக்கம், ஆதிகாலத்திலிருந்து இப்படித்தான்.”

சரி, வழக்கத்தையே எடுத்துப் பார்ப்போம்.

திரௌபதி வழிபாட்டுக்காகவே பல ஆண்டுகள் செலவிட்டவர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் என்ற அமெரிக்க அறிஞர். 1988லும் 1991லும் அவர் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகளுக்கும் மையம் செஞ்சிதான். இந்த வழிபாட்டின் தாய்வீடு செஞ்சிப் பகுதி, அதிலும் மேலச்சேரி என்று அவர் காட்டினார். பாரதம் படிப்பது, தெருக்கூத்து, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன், கடைசியில் தீமிதி எல்லாவற்றையும் ஊர் ஊராக உட்கார்ந்து பார்த்து எழுதினார்.

அவர் விரிவாக எழுதிய காவல் தெய்வங்களில் ஒருவர் முத்தால் ராவுத்தர். பெயரே சொல்கிறது, அவர் ஒரு முஸ்லிம். பல திரௌபதி அம்மன் கோவில்களில் அம்மனுக்குக் காவலாக நிற்பவர்!

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். மகாபாரதத்தில் ராவுத்தர் கிடையாது. செஞ்சிக் கோட்டை 1649ல் பீஜப்பூர் சுல்தான் கைக்குப் போனது. 1677ல் சிவாஜி பிடித்தார். 1698ல் மொகலாயர் பிடித்தார்கள். பிறகு ஆற்காடு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். குதிரையும் கத்தியுமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்த பூமி. வந்தவர்களில் ஒருவரை அம்மன் சந்நிதி வரைக்கும் கூட்டிவந்து, “நீயும் நம்ம ஆளுதான், இங்கேயே நில்லு” என்று இடம் கொடுத்திருக்கிறார்கள் இந்த மண்ணின் மக்கள். எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை.

அப்படியென்றால் வழக்கம் என்பது என்ன? பூட்டி வைக்கும் கதவு மட்டுமல்ல. வேறொரு காலத்தில் இதே மக்கள் திறந்துவிட்ட கதவும் வழக்கம்தான். வெளியிலிருந்து வந்த ராவுத்தருக்கு இடம் கொடுக்க முடிந்த மரபுக்கு, அதே ஏரித் தண்ணீரைக் குடித்து, அதே வயலில் நாற்று நட்ட பக்கத்துத் தெருக்காரருக்கு இடம் கொடுப்பதா முடியாத காரியம்?

இதே பாரதக் கதையிலிருந்து வந்தவர்தான் கூவாகம் கூத்தாண்டவர். கூவாகம் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ள இந்தியாவின் பல மூலைகளிலிருந்து திருநங்கைகள் விழுப்புரம் வந்து இறங்குகிறார்கள். 2014 ஏப்ரலில் திருநங்கைகளின் உரிமையை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இந்த அரவான் கதையையும் எடுத்துச் சொன்னது. நம் ஊர்த் திருவிழாவில் பொத்தி வைத்திருந்த ஒரு கதை, டெல்லியில் மனித உரிமைக்கு ஒரு சாட்சியானது.

நம்பிக்கை என்றால்...

மானிடவியல் படித்தால் சாதிச் சண்டை ஓய்ந்துவிடுமா, கொத்தடிமை ஒழிந்துவிடுமா? ஓயாது. சட்டம் வேண்டும், போராட்டம் வேண்டும், சில நேரம் போலீஸ் பாதுகாப்பும் வேண்டும். இருவேல்பட்டின் படியாள்களை விடுவித்தது ஆய்வாளர்களின் நோட்டுப் புத்தகம் அல்ல. மாற்றம் பின்னோக்கியும் போகலாம் என்பதற்கு மேல்பாதியே உதாரணம்.

ஆனால், அந்த நோட்டுப் புத்தகம் ஒரு காரியம் செய்கிறது. ‘மாறாது’ என்று நாம் அடித்துச் சொன்ன எத்தனை விஷயங்கள் மாறியிருக்கின்றன என்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. 1916க்கும் 2008க்கும் நடுவே, மூன்று நான்கு தலைமுறையில், கடனோடு சேர்ந்து கைமாறிய மனிதன் கூலி பேசும் மனிதனாகியிருக்கிறான். மனிதர்கள் உண்டாக்கிய எதையும் மனிதர்களால் மாற்ற முடியும். இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல, விழுப்புரத்து மண்ணில் பதிவான செய்தி.

இதைத் தமிழிலேயே படித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’, ‘தமிழகப் பழங்குடிகள்’ போன்ற நூல்கள் இருக்கின்றன. கல்லூரியில் என்ன சேர்க்கலாம் என்று யோசிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியல் துறை இருக்கிறது என்பதையும் ஒரு காதில் போட்டு வைக்கலாம்.

அதுவரைக்கும், வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சின்னப் பயிற்சி உண்டு. டீக்கடையிலோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ, சாப்பாட்டு மேசையிலோ, யாராவது ஒரு சாதியை, ஒரு மதத்தை, ஓர் ஊரைக் காட்டி “அவங்க எப்பவும் அப்படித்தான்” என்று ஆரம்பித்தால், சண்டைக்குப் போக வேண்டாம். “எப்போதிலிருந்து?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.